நுண்ணறிவுப் பேப்பரும் அரைப்பேரும்

"பொது அறிவைப் பாடமாக்கலாம். நுண்ணறிவை ஏலாது, அதுக்கு மூளை வேணும்." நிர்வாக சேவையோ பட்டதாரி நியமனமோ, எந்தப் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரினாலும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப்பக்கம் இந்தப் பேச்சுக் கிளம்பிவிடும். தரம் 5 புலமைப்பரிசிலின் முதலாம் வினாத்தாளிலேயே தொடங்குகிற பேச்சு இது. பத்து வயசில் "உனக்கு ஏறாது" என்று கேட்ட பிள்ளை, பட்டம் முடித்த பிறகும் அதை நம்புது. நாம் நம்பவில்லை. அதுவும் எல்லாரையும் பயமுறுத்துகிற நிபந்தனைக் கணக்குகளில் சிக்கல் மூளையில் இல்லை. "இருந்தால்", "வந்தால்" என்பதில் வருகிற அந்த "ஆல்"தான் சிக்கல்.

ஒன்றைப் பாருங்க. கமலா குழுவில் இருந்தால் நிமலும் இருப்பார். நிமல் இருக்கிறார். அப்படியென்றால் கமலா? "இருக்கிறார்" என்று கோடு போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். சரியான விடை, சொல்ல முடியாது.

இதையே இறப்பர் மலையில் கேட்போம். மழை பெஞ்சா பால் வெட்டு இல்ல. இன்னைக்குப் பால் வெட்டு இல்ல. அப்ப மழையா? சின்னப் பிள்ளையும் சிரிக்கும்: "ஏன், போயாவா இருக்கலாம், ஸ்ட்ரைக்கா இருக்கலாம்." இரண்டு கணக்கும் ஒன்றுதான். பின்பாதி உண்மை என்பதால் முன்பாதி உண்மையாகிவிடாது. பின்பாதி பொய்யானால் முன்பாதியும் பொய்: பால் வெட்டு நடந்திருக்கா, அப்ப மழை பெய்யல. நிமல் இல்லையா, கமலாவும் இல்லை.

பிறகு ஏன் பேப்பரில் சறுக்குது? நாம் கேட்டு வளர்ந்த "ஆல்"களில் முக்கால்வாசிக்கு ஒரு வால் உண்டு. 2013 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. 75 வீத நாட்கள் வேலைக்குப் போனால் வருகைக்கான கொடுப்பனவு 140 ரூபா. அந்த வாக்கியத்தில் நம் வீடுகளை உண்மையில் ஆட்டிவைத்தது சொல்லாமல் விட்ட பாதி: போகாட்டி இல்ல. "கூட்டத்துக்கு வந்தா தகரம் தருவோம்" என்கிறவரும் அதே வாலோடுதான் பேசுகிறார். வாலைக் கேட்கத் தெரியாதவர் தோட்டத்தில் பிழைக்க முடியாது. பரீட்சை வினாவுக்கோ அந்த வால் கிடையாது. எழுதியிருப்பதை மட்டும் எடுக்கணும். இது பழக்கம், பழகினால் வரும்.

1966இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் நாலு அட்டைப் புதிர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண்" என்ற விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பல்கலைக்கழக மாணவர்களிலேயே பத்தில் ஒருவர் அளவுதான் சரியாகச் சொன்னார்கள். 1982இல் கிரிக்ஸ், கொக்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் புளோரிடாவில் அதே புதிரை "பியர் குடித்தால் 19 வயதுக்கு மேல் இருக்க வேண்டும்" என்று மாற்றிக் கேட்டார்கள். முக்கால்வாசிப் பேர் சரி. அதற்காக யாருக்கும் புதிதாக மூளை வைக்கவில்லை.

நமக்கு பியர் வேண்டாம், கொழுந்து போதும். விதி: 18 கிலோ எடுத்தால் முழுப்பேர். அட்டைகள்: 20 கிலோ, 14 கிலோ, முழுப்பேர், அரைப்பேர். எதைத் திருப்பணும்? மடுவத்தில் நிற்கிற அம்மாவைக் கேளுங்க. 20ஐயும் அரைப்பேரையும்தான் காட்டுவாங்க. 14 கிலோவுக்கு முழுப்பேர் விழுந்திருந்தா யாருக்கு நட்டம்? அரைப்பேர் அட்டைக்குப் பின்னால் 20 கிலோ இருந்தால்தான் சண்டை. வேசனின் மாணவர்கள் தடுக்கி விழுந்த இடம் அது.

உயர்தரக் கலைப்பிரிவில் "அளவையியலும் விஞ்ஞான முறையும்" என்று ஒரு பாடமே இருக்கிறது. அங்கே இதெல்லாம் ஆசிரியர் கரும்பலகையில் சொல்லித்தருகிற விசயம். ஆனால் நம் தோட்டப் பாடசாலைகளில் பல சாதாரண தரத்தோடு நின்றுவிடும். உயர்தரம் உள்ள இடத்திலும், ஆசிரியர் இருந்தால் பாடம் இருக்கும். (இந்த "ஆல்"க்கு வால் உண்டு.) அந்தப் பாடத்தைப் படித்தவரும் அதன் பெயரே கேள்விப்படாதவரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வருகிற புள்ளி வித்தியாசத்துக்கு "மூளை" என்று பேர்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒன்று கேட்கணும். "எனின்" வேறு, "எனின் மாத்திரம்" வேறு. தமிழில் அந்த ஒரு "மாத்திரம்" விடுபட்டால் பிள்ளை எழுதுவது வேறொரு கணக்கை. தமிழ் வினாத்தாளை அளவையியல் தெரிந்த ஒருவர் கடைசியாக ஒருதரம் வாசிக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழுக்காக பிரதேச செயலகம் போகிற நம் அப்பாமார் இன்னும் சிங்களம் தெரிந்த ஒருத்தரைக் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் உட்காரணும் என்றால் இந்தப் பேப்பரைத் தாண்டியாகணும். கொழும்பில் காசு கட்டிப் படிக்க எத்தனை வீட்டால் ஏலும்? கெம்பஸ் லீவில் தோட்டத்துக்கு வருகிற நாம், ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தால் ஒரு தவணைக்குள் இதை முடித்துவிடலாம். அட்டை வெட்டப் பழைய கலண்டர் போதும்.