ஊர் எரிஞ்ச வீரன் போதும்: முதல் கேரக்டர் செய்யப் போறவங்களுக்கு

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாட வாற புதுப் பிள்ளைகளிடம் கேரக்டர் ஷீட்டைக் கொடுத்து, "உங்கட ஆள் யார்?" என்டு கேட்டுப் பாருங்க. அநேகமாக ஒரே கதைதான் வரும். ஊரை எரிச்சிட்டாங்க. வாப்பா, உம்மா, எல்லாரும் மௌத். இவன் மட்டும் தப்பினான். கறுப்புப் போர்வை, ஒரு வாள். யாரையும் நம்ப மாட்டான், யாரோடயும் கதைக்க மாட்டான்.

பாலாவியில இருந்துகொண்டு இந்தக் கதையை இவ்வளவு லேசாக எழுதாதீங்க என்பதுதான் எங்கட கட்சி. நாங்க ஒழுக்கப் பாடம் எடுக்க வரல்ல. விளையாட்டு என்டு பார்த்தாலே அது உதவாத கேரக்டர்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமாக: இது கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட விளையாட்டு. கம்ப்யூட்டர் தேவையில்ல. மேசையைச் சுற்றி நாலஞ்சு பேர். ஒருத்தர் உலகத்தைச் சொல்லுவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மற்றவங்க ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைப்பாங்க. நடக்குமா நடக்காதா என்ட சந்தேகம் வந்தால் இருபது முகக் கட்டையை உருட்டணும். புத்தகம் விலை என்டு பயப்பட வேணாம். அடிப்படை விதிகளின் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் விட்டுட்டாங்க. இலவசமாக எடுக்கலாம், தமிழில் மாற்றி எழுதவும் தடையில்ல. கட்டை இல்லாட்டி ஃபோன் போதும்.

நாங்க கெம்பஸ் லீவுகளில் அதைத்தான் செய்றோம், தமிழில் மாற்றி மாற்றி விளையாடுறோம். சில சொல் லேசாக வரும், சிலது சிக்கும். 'ஃபைட்டர்' என்பதைப் 'போராளி' என்டு எழுதினால் எங்கட மேசையில் சிரிப்பு நின்டு போகும். அதனால வாள்வீரர்.

முதலில் எண்களை முடிச்சிடுவோம். பலம், சுறுசுறுப்பு, தாக்குப்பிடிப்பு, அறிவு, விவேகம், வசீகரம் என்டு ஆறு குணம். புதுசாக வாறவங்க கட்டை உருட்டி எடுக்காம 15, 14, 13, 12, 10, 8 என்ட ஆறு எண்ணையும் பிரிச்சுப் போடுறது நல்லம். ஆட்டத்தில் வேலை செய்றது இந்த எண் இல்ல, அதிலிருந்து வாற கூட்டல் கழித்தல். எண்ணில் 10ஐக் கழிச்சு, பாதியாக்கி, கீழ்ப்பக்கம் முழு எண்ணாக்கணும். 14க்கும் 15க்கும் ஒரே +2 தான். ஒற்றை எண்ணை மேலே தள்ள வழி இல்லாட்டி அது வீண். இலவச விதிகளில் மனித இனத்துக்கு ஆறு குணத்திலும் ஒவ்வொன்று கூடும். அப்போ 15 பதினாறாகி +3, 13 பதினாலாகி +2. முதல் ஆட்டத்துக்கு மனிதரை எடுங்க என்டு நாங்க சொல்றதுக்குக் காரணம் இதுதான். காது கூரான ஆட்கள் எங்கயும் ஓடிப் போக மாட்டாங்க.

தாக்குப்பிடிப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேணாம். முதல் மட்டத்தில் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி 6, வாள்வீரருக்கு 10, அதோட தாக்குப்பிடிப்பின் கூட்டல். ரெண்டு நல்ல அடி விழுந்தால் மந்திரவாதி படுத்திடுவார்.

எல்லாரும் 15ஐ எங்க போடுறது என்டு மண்டையை உடைக்கிறாங்க. நாங்க கேட்கிறது 8 எங்க என்டு. ஆள் யார் என்டு காட்டிக் கொடுக்கிறது அந்த எட்டுத்தான். கல்கியின் வந்தியத்தேவனை எடுத்துப் பாருங்க. வசீகரம் 15, வாய் திறந்தால் வேலை முடியும். விவேகம் 8. தேவையில்லாத இடத்தில் தலையை நீட்டி, யோசிக்க முதல் பாய்ஞ்சு, அந்த எட்டாலதான் கதையே நகருது. கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கு. அவனும் பரம்பரை ஆட்சியை இழந்தவன்தான், சொந்தமாக ஒரு துண்டு நாடும் இல்ல. ஆனா அவன் மூலையில் முகத்தைத் தொங்கப்போட்டு இருக்கல்ல. கூட்டாளி கொடுத்த ஓலை கையில் இருக்கு, அதைச் சேர்க்கணும். ஓலை இல்லாட்டி அவனுக்குத் தஞ்சாவூரில் என்ன வேலை?

இங்கதான் எரிஞ்ச ஊர்க் கதைக்கு வாறோம். எல்லாரையும் கொன்டு போட்டால் டன்ஜன் மாஸ்டருக்குப் பிடிக்க ஒரு நூலும் இல்ல. மௌத்தானவங்க கடிதம் போட மாட்டாங்க, கடன் கேட்க மாட்டாங்க, கலியாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க.

ஊர் போனால் என்ன நடக்கும் என்டு தெரியணுமா, கற்பிட்டி ரோட்டில் கொஞ்சத் தூரம் நடங்க. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினாங்க. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கிடைச்சது ரெண்டு மணித்தியாலம். வெளியேறினவங்களில் பெரும்பங்கு வந்து சேர்ந்தது எங்கட புத்தளம் மாவட்டத்துக்கு. அவங்க ஒருத்தரும் கறுப்புப் போர்வை போட்ட தனி ஆளாக வரல்ல. மூத்தும்மா, கைப்பிள்ளை, அடுத்த வீட்டு ராத்தா என்டு கூட்டமாக வந்தாங்க. ஊர் போனது, ஊர்ப்பேர் போகல்ல. பாலாவியில் பிறந்த பிள்ளையிடம் எந்த ஊர் என்டு கேளுங்க, "எருக்கலம்பிட்டி" என்டு சொல்லும். வருசக்கணக்காக வாக்கு மன்னாரில், வீடு இங்க. தேர்தல் வந்தால் பஸ் பிடிச்சுப் போய் வாக்குப் போட்டுட்டுத் திரும்பி வந்தவங்க இருக்காங்க. உறுதி யார் கையில், வளவில் இப்ப யார் இருக்கிறது, திரும்பிப் போன மாமா சரியா, போகாத வாப்பா சரியா என்ட கதை இன்டைக்கும் சாப்பாட்டு நேரத்தில் வரும். இடம் கொடுத்த உள்ளூர் ஆட்களுக்கும் ஒரு கதை இருக்கு. கிணறும் பாடசாலை வாங்கும் வேலையும் பங்கு போனது சின்ன விசயமில்ல. எங்கட மேசையிலயே ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்காங்க.

ஆகவே ஊர் போன ஆளை எழுதாதீங்க என்டு நாங்க சொல்லல்ல. எழுதுறதென்டால் இந்த மிச்சத்தையும் சேர்த்து எழுதுங்க. உறுதிப் பத்திரத்தைத் தேடுற வாள்வீரர். திரும்பிப் போன தங்கச்சியோட கதைக்காத மந்திரவாதி. வந்த ஆட்களுக்கு வளவு கொடுத்து, பிறகு அதைக் கேட்கவும் முடியாம விடவும் முடியாம இருக்கிற குடும்பத்துத் திருடன். ஒவ்வொன்றிலும் மூன்று நாலு மாத ஆட்டம் இருக்கு.

விதியும் இதுக்கு இடம் தருது. இலவசத் தொகுப்பில் பின்புலம் என்டு கோவில் பணியாளர் ஒன்றுதான் இருக்கு, ஆனா உங்கட பின்புலத்தை நீங்களே செய்யலாம் என்டும் அதிலயே இருக்கு. ரெண்டு திறமை, அதோட கருவியோ மொழியோ ரெண்டு. நாங்க ஒருக்கா உப்பளத் தொழிலாளி செய்தோம். உடல்வலுத் திறமை ஒன்று, வெளியில் பிழைக்கிற திறமை ஒன்று, வண்டி ஓட்டுறது, ஒரு மொழி. வானத்தைப் பார்த்து மழை வருமா என்டு சொல்லுவார். பாத்தியில் உப்பு விளைஞ்சு கிடக்கும்போது மழை பெய்தால் என்ன ஆகும் என்டு தெரிஞ்ச ஆள், டிராகனுக்குப் பயப்படுற விதமே வேற. 'பிணைப்பு' என்ட கட்டத்தில் 'பழிவாங்கல்' என்டு எழுதாம, உயிரோட இருக்கிற ஒருத்தரின் பேரை எழுதுங்க. அது ஒன்றே பாதி வேலை.

இன்னொரு கட்டத்திலும் கவனம். அதே தொகுப்பில் வனக்காவலரை எடுத்தால் 'விருப்பப் பகை' என்டு ஒன்று தெரிவு செய்யச் சொல்லும். மிருகம், பூதம் மாதிரி ஒரு வகையை எடுக்கலாம், அல்லது ஓர்க் மாதிரி ரெண்டு மனித வகை இனங்களை எடுக்கலாம். நாங்க இந்த ரெண்டாவதை எடுக்கிறதே இல்ல. பிறப்பைப் பார்த்துப் பகையை முடிவு செய்றவங்க என்ன செய்வாங்க என்டு எங்கட வீடுகளுக்குத் தெரியும். மிருகத்தை எடுங்க, காட்டில் அதுதான் கூடவும் வரும். 2024 புத்தகத்தில் அந்த இனத் தெரிவு இல்ல, 'இனம்' என்ட சொல்லுக்கும் வேற சொல் போட்டுட்டாங்க. நல்லது.

பின்கதையை அரைப் பக்கத்துக்கு மேல இழுக்க வேணாம். முதல் மட்ட ஆள் இன்னும் ஒன்றும் சாதிக்காதவர், பத்துப் பக்க வீரவரலாறு அவருக்குப் பொருந்தாது. எந்த ஊர், யார் காத்திருக்கிறது, யாரிடம் கடன், ஏன் இன்டைக்குக் கிளம்பினார், இவ்வளவும் போதும். மிச்சம் மேசையில் வரும்.

ஆள் மௌத்தாகலாம் என்டும் நினைச்சு வைங்க, மூன்றாவது நாளே கூட நடக்கும். அப்போ புது ஷீட் எடுத்து, அவர்ட தங்கச்சி என்டு எழுதலாம். அதே பேர் தெரியும், அதே கடன்காரன் தேடி வருவான், மற்ற ஆட்களோட கோபமாக ரெண்டு வார்த்தை கதைச்சுட்டு அவவும் சேர்ந்துகொள்ளலாம். எட்டை மட்டும் வேற இடத்தில் போடுங்க.