பிளாங்க் நேரம் பதக்கம் தராது

மூணாறு, மறையூர் ஆனாலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஆனாலும், பள்ளி மைதானங்களில் இன்று ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது: “கோர் ஸ்ட்ராங்கா இருந்தா போதும், மத்ததெல்லாம் தானா வரும்.” இதை நம்பிப் பிள்ளைகளின் பயிற்சி நேரம் வீணாகிறது. அதனால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

கோர் எனப்படும் நடுவுடலை உறுதியாக்கச் செய்யும் பிளாங்க்கில் நிற்கும் நேரம் கூடினால் ஓட்டத்தில் வேகமும் கூடும் என்கிறார்கள். முழங்கையை மண்ணில் ஊன்றியிருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்பு தொய்கிறது, மூச்சை அடக்குகிறாள், பாரம் கீழ்முதுகில் இறங்குகிறது. மாஸ்டரின் ஸ்டாப்வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹூட் 62 வயதில் 8 மணி 15 நிமிடம் பிளாங்க்கில் நின்று சாதனை படைத்தார். வணங்கத்தக்க உறுதி. ஆனால் அதனால் அவர் ஓட்டக்காரர் ஆகிவிடவில்லை. 2004இல் வெளியான ஸ்டான்டன் குழுவின் ஆய்வில், 6 வாரம் சுவிஸ் பந்தில் பயிற்சி செய்த இளம் வீரர்களுக்கு நடுவுடல் உறுதிப்பட்டது. ஓட்டத்தில் முன்னேற்றம் தெரியவில்லை. 2009இல் வந்த ஒரு சிறு ஆய்வு 5,000 மீட்டர் நேரம் குறைந்ததாகச் சொன்னது உண்மைதான். பலன் உண்டு என்று வைத்துக்கொண்டாலும், அதுவே எல்லாம் என்று ஆகிவிடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. சிக்ஸ் பேக் வேறு, கோர் வேறு. வயிற்றில் கட்டு தெரிவது கொழுப்பின் அளவைப் பொறுத்தது. முதுகு, இடுப்பு, உதரவிதானம் எல்லாம் சேர்ந்ததுதான் கோர்.

“மலையேறி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி எதற்கு?” இது இடுக்கிப் பக்கத்துப் பெருமை. பீனாமோளும் (2002 பூசான் ஆசிய விளையாட்டு, 800 மீட்டர் தங்கம்) பிரீஜா ஸ்ரீதரனும் (2010 குவாங்சூ ஆசிய விளையாட்டு, 10,000 மீட்டர் தங்கம், 31:50.47) அந்த மண்தான். ஆனால் 2017இல் புவனேசுவரத்தில் 1,500 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்ற பி.யு. சித்ரா பாலக்காட்டுச் சமவெளியின் முண்டூர்க்காரர். மலை மட்டுமே காரணம் என்றால் முண்டூருக்கு என்ன கணக்கு? இவர்களை உருவாக்கியது வருடக்கணக்கான முறையான ஓட்டப் பயிற்சி.

கோர் உறுதியானால் காயமே வராது என்பதும் தவறு. பாலக்காட்டின் ஸ்ரீசங்கர் 2023இல் நீளம் தாண்டுதலில் 8.41 மீட்டர் தாண்டியவர். 2024 ஏப்ரலில் முழங்கால் காயம்பட்டு அறுவை சிகிச்சை செய்ததால் பாரிஸ் ஒலிம்பிக்குக்கே போக முடியவில்லை.

கோர் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ளவும் நீளம் தாண்டுதலையே பார்க்கலாம். பலகையில் கால் படும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் உடம்பு இடுப்பில் மடிந்தால், ஓடிச் சேர்த்த வேகம் அங்கேயே சிதறும். மடியாமல் தாங்குவதுதான் கோரின் பங்கு. அந்த வேகத்தை உண்டாக்குவது கால்களும் பயிற்சியும். அதனால் பத்து நொடி பிளாங்க், சற்று ஓய்வு, பக்கவாட்டில் பத்து நொடி எனச் சில சுற்றுகளே போதும். மீதி நேரத்தில் பிள்ளைகள் ஓடட்டும், தாண்டட்டும், மேட்டில் ஸ்பிரின்ட் அடிக்கட்டும்.