சேமிப்புத் தட்டும் சுவடிப் பெட்டியும்

மேசைக் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க நினைப்பவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி ப்ராசஸர் பற்றியதாகவே இருக்கிறது. ஐ-5 போதுமா, ஐ-7 வேண்டுமா, ரைசன் நல்லதா? அடுத்து, ராம் எத்தனை ஜிபி. அதற்கும் அடுத்து, கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குகளும் கொண்ட கேபினட். கையிருப்பின் பெரும்பகுதி இவற்றிலேயே கரைந்த பிறகு, "ஒரு டிபி போட்டுடலாம் சார்" என்று கடைக்காரர் சொல்ல, நாமும் தலையசைத்துவிடுகிறோம். எந்த வகை, யார் செய்தது, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவை பேச்சில் வருவதேயில்லை. எழுத்தோடும் ஏட்டோடும் காலம் கழிப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில் சேமிப்புத் தட்டு, பிறகு அதற்கு மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ், மீதிப் பணத்தில் மற்றவை.

காரணம் எளியது. ப்ராசஸர் எரிந்துபோனால் வேறொன்று வாங்கிப் பொருத்தலாம். தட்டு போனால் தட்டு மட்டும் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஆய்வாளர் ஒருவர் பதினோரு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று ஒப்பாரிப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். கேசட்டுகளில் இருந்தவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டு, பூசணம் பிடித்த கேசட்டுகளைக் கழித்துக் கட்டினார். அத்தனையும் ஒரே வன்தட்டில் இருந்தன. ஒரு காலையில் அந்தத் தட்டு டிக், டிக் என்று ஒலியெழுப்பியபடி நின்றுபோயிற்று. உத்தரவாதக் காலம் முடியவில்லை, ஆகவே நிறுவனம் மறுபேச்சின்றிப் புதுத் தட்டு அனுப்பியது. பாடிய கிழவிகளுள் பெரும்பாலோர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். உத்தரவாத அட்டை உறுதியளிப்பது தட்டுக்கு மட்டுமே என்பதை வாங்கும்போது யாரும் நமக்குச் சொல்வதில்லை.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியதைப் பாடத்தில் நடத்துகிறோம். கரையான் தின்றதும் ஆற்றில் விடப்பட்டதும் போக எஞ்சியவையே அவர் கைக்கு வந்தன. அவை எஞ்சியதற்கு ஓலையின் உறுதி மட்டும் காரணமன்று. ஓலை நைந்துபோகும் முன் இன்னொரு ஓலையில் படியெடுக்கும் வழக்கம் இருந்தது. எழுதுபொருள் அழியும் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டிய ஏற்பாடு அது. வன்தட்டும் ஓலைதான், ஓலையைவிட ஆயுள் குறைந்த ஓலை. ஆயிரக்கணக்கான தட்டுகளை ஓட்டிவரும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் தட்டுகளின் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. 2021 முதல் 2024 வரை அங்கே ஆண்டுக்குப் பழுதானவை ஏறத்தாழ 1 முதல் 1.7 விழுக்காடு. சிறிய எண்ணாகத்தான் தோன்றும். அது குளிரூட்டிய கட்டடத்தில் அசையாமல் இருக்கும் தட்டுகளின் கணக்கு. மே மாதத்து வெயிலும் மின்வெட்டும் கொண்ட நம் வீட்டு அறைகளுக்கு இதைவிட நல்ல எண்ணை எதிர்பார்க்க இடமில்லை.

எவ்வளவு இடம் வேண்டும்? இங்கே ஊகம் வேண்டாம், கணக்கே போட்டுவிடலாம். எட்டரை அங்குல உயரமும் ஐந்தரை அங்குல அகலமும் உள்ள சிற்றிதழ்ப் பக்கம் ஒன்றை 400 டிபிஐ அளவில் வண்ணத்தில் வருடினால், சுருக்காத நிலையில் சுமார் 22 எம்பி. 64 பக்க இதழுக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி. பத்தாண்டுகள் மாதந்தோறும் வந்த இதழென்றால் 120 இதழ்களுக்கு 170 ஜிபியைத் தாண்டும். ஜேபெக்காகச் சுருக்கினால் இதில் சிறு பங்கே ஆகும் என்பது உண்மை. ஆனால் மூலப் படியைச் சுருக்காமல் வைத்துக்கொண்டு, வாசிப்பதற்கென்று சுருக்கிய படியைத் தனியே செய்துகொள்வதே முறை. ஒரு மணி நேர ஒலிப்பதிவு, குறுந்தகட்டுத் தரத்தில், 630 எம்பிக்குச் சற்று மேல். ஒரு துறை நூலகம் நான்கைந்து இதழ்களின் தொகுப்பை வருடத் தொடங்கினாலே "ஒரு டிபி" பெரும்பாலும் நிறைந்துவிடும். கடையில் ஒரு டிபி என்பது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிய கணக்கு, விண்டோஸ் 1024ஆல் பெருக்குகிறது. ஆகவே திரையில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் மீது பாய வேண்டாம்.

இனி வகை. எஸ்எஸ்டியா, வன்தட்டா என்று ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி விவாதிப்பதே பிழை என்பேன். இரண்டுக்கும் வேலை வேறு. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் வன்தட்டு நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. தேடும் தரவு படிமுனையின் அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது நான்கு மில்லிநொடிக்குச் சற்று மேல் காத்திருக்க வேண்டும். படிமுனை தடம் மாறும் நேரம் வேறு. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிப்பதால் இந்தக் காத்திருப்புகள் சேர்ந்து நிமிடங்களாகின்றன. எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவுமில்லை. ஆகவே இயங்குதளம் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும், இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. பழைய கணினியைத் தூக்கியெறிய நினைப்பவர்கள் அதற்கு முன் ஓர் எஸ்எஸ்டி மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதையும், விண்டோஸ் 11 பல பழைய இயந்திரங்களை ஏற்காது என்பதையும் நினைவில் கொள்க. லினக்ஸுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும். என்விஎம்இ வகையில் 3500, 7000, இப்போது 14,000 என்று விளம்பரம் செய்கிறார்கள். கட்டுரை தட்டச்சு செய்பவரும் பிடிஎஃப் படிப்பவரும் 3500க்கு மேல் எந்த வேறுபாட்டையும் உணரப் போவதில்லை. அந்தப் பணத்தைக் கொள்ளளவுக்குக் கொடுங்கள். கவனிக்க வேண்டியது உள்ளேயுள்ள சில்லு வகை. ஓர் அறையில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. நான்கு பேரை ஓர் அறையில் குடிவைத்தால் வாடகை மலியும், நெரிசல் கூடும். க்யூஎல்சி தட்டில் பெரிய தொகுப்பொன்றை ஒரே மூச்சில் நகலெடுத்தால், தொடக்கத்தில் பாய்ந்து, பாதி வழியில் வன்தட்டைவிட மெதுவாகத் தள்ளாடும். ஆகவே டிஎல்சி என்று கேட்டு வாங்குங்கள். "எழுத எழுதத் தேயுமாமே" என்று அஞ்சுவோர் உண்டு. ஒரு டிபி டிஎல்சி தட்டுகள் பலவற்றுக்கு 600 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் எண்பது ஆண்டுகள் ஆகும். நாம் அத்தனை எழுதிக் குவிப்பவர்கள் அல்லர்.

எஸ்எஸ்டியின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அது மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து நினைவு வைத்திருக்கிறது, மின்சாரமின்றிக் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசிகிறது. தேய்மான எல்லையை எட்டிய நுகர்வோர் எஸ்எஸ்டி ஒன்று 30 டிகிரி வெப்பத்தில், மின்னிணைப்பின்றி ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பின் வரையறை. புதுத் தட்டு இதைவிட நெடுங்காலம் தாங்கும்தான். ஆனாலும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, ஐந்தாண்டு கழித்து எடுத்துப் பார்க்கும் பொருளன்று எஸ்எஸ்டி. மேலும், வன்தட்டு பெரும்பாலும் இருமிவிட்டுச் சாகும். கரகரப்பு, தாமதம், ஸ்மார்ட் அறிக்கையில் கூடிவரும் பழுதுப் பகுதிகள் என்று அறிகுறி காட்டும். எஸ்எஸ்டியோ பல வேளைகளில் இரவு நன்றாக இருந்து காலையில் எழாமல் போகும்.

ஆகவே அன்றாட வேலைக்கு எஸ்எஸ்டி, தொகுப்புக்கு வன்தட்டு. வன்தட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓட்டு வீட்டில் ஒரு வரிசை ஓடு அடுத்த வரிசையின் மேல் சற்றே ஏறிப் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்எம்ஆர் வகைத் தட்டுகளில் தரவுத் தடங்கள் அவ்வாறே ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதப்படுகின்றன. குறைந்த இடத்தில் நிறையக் கொள்ளும். ஆனால் இடையிலுள்ள ஓர் ஓட்டை மாற்ற அக்கம்பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பதுபோல, ஓரிடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். சிஎம்ஆர் வகையில் ஒவ்வொரு தடமும் தனித்தனி. ஒருமுறை எழுதி வைத்துப் படிக்க மட்டும் எடுப்பதானால் எஸ்எம்ஆர் பாதகமில்லை. அடிக்கடி திருத்தும் தொகுப்புக்கும், பல தட்டுகளை ரெய்டாகக் கோப்பதற்கும் அது ஆகாது. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில தட்டுகளில் சொல்லாமலேயே எஸ்எம்ஆரைப் புகுத்தியிருந்தது வெளியே வந்து, பெரிய கூச்சல் எழுந்த பிறகே நிறுவனங்கள் பட்டியல் வெளியிட்டன. கடையில் கேட்டால் தெரியாது என்பார்கள். மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தின் பட்டியலில் நாமே பார்த்துவிட வேண்டும்.

புதிது என்று விற்கப்படுவதெல்லாம் புதிதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025இன் தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடித் தேய்ந்த சீகேட் தட்டுகள், ஓடிய நேரக் கணக்கு பூச்சியமாக்கப்பட்டு, புதியவையாக ஐரோப்பியக் கடைகளில் விற்கப்பட்டது அம்பலமாயிற்று. தட்டுக்குள் ஃபார்ம் என்ற வேறொரு பதிவேடு இருந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. இணையச் சந்தையில் சில நூறு ரூபாய்க்கு "16 டிபி" என்று விற்கும் கையடக்கத் தட்டுகள் இன்னொரு வகை மோசடி. உள்ளே சிறியதொரு மெமரி கார்டு இருக்கும். நகலெடுத்தது போலவே காட்டும், திறந்தால் ஒன்றுமிராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் தட்டு முழுதும் எழுதிப் படித்துப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகவே சொல்வேன். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர்த்துவிடுங்கள். தட்டுகளுக்கு 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஊட்டுவது அதுதான், அது தடுமாறினால் முதலில் அடிபடுபவற்றுள் தட்டும் ஒன்று. 80 பிளஸ் முத்திரையுள்ள 450 வாட் போதும். யுபிஎஸ் ஆடம்பரமன்று, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அட்டவணையே குலையலாம். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்றால் தட்டுக் கடையை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மதர்போர்டில் நான்கு சாட்டா இணைப்பும் இரண்டு எம்.2 இடமும் இருக்கட்டும். சில போர்டுகளில் எம்.2வைப் பயன்படுத்தினால் சாட்டா ஒன்று செயலிழக்கும், கையேட்டில் எழுதியிருப்பார்கள். கண்ணாடிக் கேபினட்டுகளில் இப்போது வன்தட்டுக்கு இரண்டே இடம் வைக்கிறார்கள், சிலவற்றில் காற்று புகவும் வழியில்லை. விளக்கு எரிகிற பெட்டியில் ஏடு வேகிறது. ப்ராசஸரில் இன்டெல்லின் எஃப் என்று முடியும் எண்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, தனி அட்டைக்குச் செலவாகும். டெஸராக்ட் கொண்டு தமிழ்ப் பக்கங்களை எழுத்துணரச் செய்வோருக்கு ஆறு கோர் உதவும், மற்றவர்க்கு நான்கே மிகுதி. ராம் 16 ஜிபி. 2025இன் இறுதி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ராம், எஸ்எஸ்டி விலைகள் கடுமையாக ஏறின. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற தன் நுகர்வோர் விற்பனையையே கைவிடுவதாக அறிவித்தது. விலையேற்றத்தில் எதைக் குறைப்பது என்றால் வேகத்தைக் குறையுங்கள், பிரதிகளைக் குறைக்காதீர்கள்.

"கூகுளில்தான் எல்லாம் இருக்கிறதே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற இடம் என்று கொடுத்துக்கொண்டிருந்த கூகுள், நிறுவனம் முழுமைக்கும் பொதுவாக 100 டிபிதான் என்ற மாற்றத்தை 2021இல் அறிவித்தது. அன்னசத்திரத்தில் உண்ணலாம், விதைநெல்லை அங்கே கொட்டி வைக்கலாகாது. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒரு படி வேறிடத்தில் என்று பீட்டர் க்ரோ என்ற ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி ஒன்று உண்டு. ரெய்டு இதில் சேராது. ஒரு தட்டில் அழித்தால் மறு தட்டிலும் உடனே அழியும், கண்ணாடியில் தெரியும் உருவம் இன்னொரு ஆள் ஆகாது. வேறிடம் என்பது ஏன் தேவை என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

படியெடுக்கும்போது நேரும் பிழையும் நமக்குப் புதிதன்று, அதற்குத்தான் பாடவேறுபாடு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகையை உருவாக்கி ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கொருமுறை மூலத்தையும் படியையும் ஒப்பிட்டு, ஒரு பிட் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கலாம். சுவடிப் பதிப்பாசிரியர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

எங்கள் துறைக்கு இவ்வாண்டு வாங்கும் கணினிக்கான விவரக்குறிப்பில் "1 டிபி" என்ற பழைய வரியை அடித்துவிட்டு, 500 ஜிபி டிஎல்சி என்விஎம்இ ஒன்று, 4 டிபி சிஎம்ஆர் வன்தட்டு மூன்று, மாதிரி எண் குறிப்பிடாத கொட்டேஷன் ஏற்கப்படாது என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு கணினிக்கு மூன்று தட்டு எதற்கு என்று அலுவலகக் கண்காணிப்பாளர் கேட்டார். ஒன்று உள்ளே, ஒன்று துறை பீரோவில், ஒன்று வளாகத்துக்கு வெளியே என்றேன். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் வளாகத்தை விட்டு வெளியே போக விதியில்லையாம். பக்கத்து ஊர்க் கல்லூரி நூலகத்தோடு தட்டு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு முதல்வருக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அவர்களுடைய படி எங்கள் பீரோவில், எங்களுடைய படி அவர்கள் பீரோவில். இதே இடரை வேறு கல்லூரிகளில் யாரேனும் கடந்திருந்தால், எந்த விதியைக் காட்டிக் கடந்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.