காலங்கடந்து வந்தவர் எவர்?

புதுமுக மாணவர் பல்கலைக்கழகத்தினுள் நுழையும் நாளிலே, இருபத்தொரு வயதினரின் கூட்டத்திடையே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தனித்து நிற்பதைச் சில வேளைகளிற் காணலாம். வாயிற் காவலர் அவரைப் பெற்றோரென்று கருதி, "பிள்ளையக் கொண்டு விட வந்தீங்களா?" என வினவுவார். பதிவுக் கிளையின் எழுதுவினைஞர் விண்ணப்பத்திலுள்ள பிறந்த ஆண்டை இருமுறை நோக்குவார். முதல் வாரம் முடிவதற்குள் அவருக்கு "ஆச்சி" என்றோ "பென்சன்காரர்" என்றோ பட்டப்பெயரொன்று சூட்டப்பட்டுவிடும். அப்பெயர் நான்காண்டுகளும் அவரை விட்டு நீங்காது. இஃது இளைஞரின் குறும்பென்று சிரித்து ஒதுக்கத்தக்கதா? அன்று. அச்சிரிப்பின் பின்னால் ஒரு கொள்கை ஒளிந்து நிற்கிறது. உயர்கல்வி இளமைக்கே உரிய சொத்து, அதனை உரிய வயதிற் பெறத் தவறியவர் அதற்குரிய உரிமையையும் இழந்தவர் என்பதே அக்கொள்கை. அது பொய்யென்பதோடு, கிழக்கின் கிராமங்களைப் பொறுத்தவரை கொடுமையுமாகும்.

வந்தாறுமூலையை எடுத்துக்கொள்வோம். 1981 ஆம் ஆண்டிலே, வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயத்தின் கட்டடங்களிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மத்திய பாடசாலைகள் எவருக்காக எழுந்தவை? நகரத்துக் கல்லூரிகளின் வாயிலை எட்ட முடியாத நாட்டுப்புறப் பிள்ளைகளுக்காக, கன்னங்கரா காலத்திலே எழுந்தவை. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் உட்பொருளும் அதுவே. காசில்லாதவனுக்குக் கல்வி இல்லை என்ற நியதியை அது உடைத்தது. அத்தகைய நிலத்திலே முளைத்த பல்கலைக்கழகம், காலம் வாய்க்காதவனுக்குக் கல்வி இல்லை என்ற புதிய நியதியை எவ்வாறு ஏற்கலாம்?

காலம் ஏன் வாய்க்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள, செங்கலடியிலிருந்து பதுளை வீதியாற் செல்லும் பேருந்திலே ஒருமுறை ஏறினாற் போதும். கரடியனாற்றுப் பக்கத்துக் கிராமமொன்றிலே 1984 இல் பிறந்த பெண்ணொருத்தியைக் கற்பனை செய்துகொள்க. அவளுக்குப் பெயர் வேண்டியதில்லை, படுவான்கரையிலே அவளைப் போன்றோர் பலர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது அவளுக்கு வயது ஆறு. அவ்வாண்டிலே வந்தாறுமூலை வளாகமே அகதிமுகாமாயிற்று. பாடசாலை திறந்திருந்த நாட்களிலும் ஆசிரியர் இல்லை. 2007 இல் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரையிலே தஞ்சம் புகுந்தபோது, உயர்தரப் பரீட்சைக்கான புத்தகங்கள் வீட்டோடு கிடந்தன. மீண்டு வந்த பின்னர், ஆசிரியரில்லாத ஊர்ப் பாடசாலையிலே அவளே தொண்டர் ஆசிரியை ஆனாள். சம்பளம் இல்லை, நியமனக் கடிதம் இல்லை. என்றோ ஒருநாள் நிரந்தரமாக்கப்படுவோம் என்ற நம்பிக்கை மாத்திரம் இருந்தது. ஆண்டுகள் கழிந்தன. முப்பது வயதைக் கடந்தபின், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றி, இஸட் புள்ளியின் வெட்டெல்லையைத் தாண்டிக் கலைப்பீடத்தினுள் நுழைகிறாள்.

இவளைப் பார்த்தே "ஏன் இவ்வளவு பிந்தினீர்?" என்று பல்கலைக்கழகம் கேட்கிறது. கேட்க வேண்டியவள் அவள். பதிலிறுக்க வேண்டியவை பள்ளிக்கூடம் நடத்தாத அரசும், அவள் உழைப்பை ஊதியமின்றி உண்ட கல்வித் திணைக்களமும், இவற்றைக் கண்டும் காணாதிருந்த சமூகமுமாகும்.

உள்ளே வந்தபின் அவளுக்கு நேர்வதையும் நோக்குதல் தகும். வளாகத்திலே உறவுமுறை வயதாலன்றி வகுப்பாற் கணிக்கப்படுகிறது. ஓராண்டு முந்தி வந்தவர் "அண்ணா", "அக்கா" ஆகிவிடுவார். தன்னிடம் ஐந்தாம் வகுப்பிற் படித்த பையன் மூன்றாம் வருட மாணவனாக எதிர்ப்பட்டால், அவனையும் "அண்ணா" என்றழைக்கும்படி அவள் பணிக்கப்படுகிறாள். தமிழரின் முறைப்பெயர்கள் அன்பையும் மதிப்பையும் சுமந்து வந்தவை. அவற்றை அதிகாரத்தின் அளவுகோலாக்கிய பெருமை பகிடிவதைப் பண்பாட்டுக்கே உரியது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பிய இச்சொற்களிலே அது இன்னும் உயிர்வாழ்கிறது. இருபத்திரண்டு வயது இளைஞனுக்குப் பகிடிவதை அவமானம். முப்பத்தைந்து வயதுத் தாய்க்கு அஃது அவள் கடந்து வந்த பாதை முழுவதன் மீதும் உமிழப்படும் எச்சில்.

விரிவுரை மண்டபத்து நிலையும் வேறல்ல. நூற்றுக்கு எண்பது வீத வரவு வேண்டும் என்கிறது விதி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளுக்கும், வயல் வெட்டும் நாளுக்கும், பேருந்து வராத நாளுக்கும் அவ்விதியிலே இடமில்லை. விடுதி அறை மணமாகாத இளையோரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. இக்குறைபாடு நேற்றுத் தோன்றியதன்று. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய ஐவர் ஜெனிங்ஸ், ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் சாயலிலே வதிவிடப் பல்கலைக்கழகமொன்றைக் கனவு கண்டார். 1952 இல் பேராதனையிலே அது உருப்பெற்றது. குடும்பச் சுமையற்ற, நேரமெல்லாம் தமக்கே உரிய இளைஞரையே அக்கனவு மாணவரென்று கொண்டது. ஆங்கில மேற்குடியினரின் பிள்ளைகளுக்குத் தைத்த சட்டையைக் கிழக்கின் கமக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு மாட்டிவிட்டு, அவள் உடல் பொருந்தவில்லையென்று குறைகூறுவது எவ்வகை நியாயம்?

இவ்விடத்து மூன்று ஆட்சேபங்கள் எழுப்பப்படுவதுண்டு. முதலாவது, இடங்கள் குறைவு, முதியவர் ஒருவர் நுழைந்தால் இளைஞர் ஒருவரின் இடம் பறிபோகும் என்பது. இவ்வாறு வாதிடுவோர் ஓர் உண்மையை மறைக்கின்றனர். அவள் எவரது இடத்தையும் பறிக்கவில்லை. அதே வினாத்தாளுக்கு விடையெழுதி, அதே அளவுகோலால் அளக்கப்பட்டே வந்தாள். இரவல் விளக்கிலும், பாதி பாடத்திட்டத்திலும், ரியூசன் வாசனையே அறியாமலும் பெற்ற புள்ளி அவளுடையது. இடங்கள் குறைவென்றால் இடங்களைக் கூட்டும்படி போராடுவதே மாணவர் கடமை. ஒடுக்கப்பட்டவர் இருவரை ஒரு கதிரைக்காக மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது ஆள்வோருக்கு வசதி. அவ்வசதிக்கு மாணவர் துணைபோகலாகாது.

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கண்ணியமானது. அவர்களுக்கென்றே 1980 இல் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டிருக்கிறது, வெளிவாரிப் பட்டங்களும் உள்ளன, அங்கே போகலாமே என்பது அது. திறந்த பல்கலைக்கழகத்தின் பணியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. மட்டக்களப்பிலும் அதற்கு நிலையமுண்டு, தொழில் புரிவோர் பலருக்கு அது வழிகாட்டியிருக்கிறது. எனினும், ஒருவர் தாமே விரும்பி அவ்வழியைத் தேர்வது வேறு. "உனக்கேற்ற இடம் அது" என்று அவரைத் தள்ளிவிடுவது வேறு. வெளிவாரி மாணவனுக்குக் கிடைப்பது பாடத்திட்டமும் பரீட்சைச் சுட்டிலக்கமும் மாத்திரமே. நூலகத்தின் நீண்ட பிற்பகல்களும், விரிவுரையாளரோடு முரண்பட்டுப் பேசும் வாய்ப்பும், வேற்றூர் மாணவரோடு தேநீர்க் கடையிலே நடக்கும் விவாதமும் அவனுக்கு இல்லை. பல்கலைக்கழகமென்பது பெரும்பாலும் இவைதாம். ஏழைக்குத் தனிப் பந்தி வைத்துவிட்டு அவனும் சாப்பிட்டான் என்று கணக்கெழுதும் வீட்டுக்காரரின் நியாயமே இவ்வாதத்திலும் ஒலிக்கிறது.

மூன்றாவது, இவ்வயதிற் பட்டம் பெற்று என்ன பயன் என்பது. இதற்கு இருவகையில் விடையுண்டு. பயனென்பது உத்தியோகமே எனக் கொண்டால், குற்றம் எங்கேயென்பது வெளிப்படை. அரசாங்க ஆட்சேர்ப்பு விளம்பரங்கள் பலவற்றிலே முப்பத்தைந்து வயதென்ற எல்லை காணப்படுகிறது. ஒரு கையால் அனுமதிக் கடிதத்தைக் கொடுத்து, மறுகையால் நியமனக் கதவைச் சாத்தும் அரசு, பட்டத்தைப் பயனற்றதாக்கிவிட்டுப் பயனென்னவென்று கேட்கிறது. அன்றிப் பயனென்பது அறிவே எனக் கொண்டால், வயது ஒரு பொருட்டன்று. இளமையிலே கற்கும்படி ஔவை கூறியது உண்மையே. அது பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதி, முதியோருக்கு விதித்த தடையுத்தரவன்று. சாகும்வரை ஒருவன் கல்லாதிருப்பது எதனால் என்று வள்ளுவர் வியந்ததையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1857 இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவரென்று பெருமை பேசாத தமிழர் குறைவு. அவ்விருவருள் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. மற்றவரான கறோல் விசுவநாதபிள்ளை, வட்டுக்கோட்டையிலே தாமோதரம்பிள்ளைக்குக் கற்பித்த ஆசிரியர். முப்பது வயதைக் கடந்த ஆசிரியர், தம் மாணவரோடு சேர்ந்து பரீட்சை எழுதினார். அவரை அன்று எவரும் வாயிலிலே மறிக்கவில்லை. காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர் உழைத்துக்கொண்டே படித்தவர். அவருக்கு விழா எடுக்கும் மண்டபத்திலேயே, உழைத்துவிட்டுப் படிக்க வந்தவளைப் பார்த்து நகைப்பது எத்துணை முரண்!

உண்மையிலே, இவர்களைக் கண்டு பல்கலைக்கழகம் கூசுவதற்கு ஆழ்ந்த காரணமொன்றுண்டு. கலைப்பீடங்கள் பலவற்றிலே கற்பித்தலென்பது குறிப்பு வாசிப்பதாகவும், கற்றலென்பது அக்குறிப்பைப் பரீட்சைத் தாளில் மீள ஒப்படைப்பதாகவும் சுருங்கிவிட்டது. இம்முறைக்கு வேண்டியவர் வெறும் பாத்திரங்கள். வாழ்ந்து வந்தவரோ வெறும் பாத்திரமல்லர். இடப்பெயர்வு பற்றிய விரிவுரையிலே அவள் தன் முகாமை எண்ணுவாள். கல்வி உளவியல் வகுப்பிலே, நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கரும்பலகையோடு தான் நின்ற நாட்களை எண்ணுவாள். நூலிலுள்ளது ஊரிலே அவ்வாறில்லையே என்று எழுந்து கேட்பாள். அக்கேள்வி விரிவுரையாளருக்கும் தொல்லை, குறிப்பை விரைந்து எழுதி முடிக்க விரும்பும் மாணவருக்கும் தொல்லை. ஆனால் அக்கேள்வி எழும் கணத்திலேதான் அம்மண்டபம் பல்கலைக்கழகமாகிறது.

பகிடி பண்ணும் இளைஞர் தம் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் நன்று. பத்தொன்பது வயதில் உயர்தரம் எழுதியவர், இரண்டாம் மூன்றாம் தடவை தோற்றி, அனுமதிக்காக ஓராண்டுக்கு மேற் காத்திருந்து உள்ளே வருகிறார். 1987 இலிருந்து 1989 வரை நாட்டின் பல்கலைக்கழகங்கள் பல நீண்டகாலம் மூடிக்கிடந்தன. 2012 இல் விரிவுரையாளரின் பணிப்புறக்கணிப்பு மாதக்கணக்கில் நீடித்தது. 2020 இல் கொள்ளைநோய் கதவுகளைச் சாத்தியது. 2022 இல் எரிபொருளின்றிப் போக்குவரத்து முடங்கியது. இவற்றையெல்லாம் கடந்து சிறப்புப் பட்டத்தோடு வெளியேறுகையில் பலருக்கு வயது இருபத்தேழு. ஆகவே, காலங்கடந்த மாணவர் எவரோ ஒருவரல்லர். இந்நாட்டிலே எல்லாரும் காலங்கடத்தப்பட்டவரே. சிலர் சற்றுக் கூடுதலாக, சிலர் சற்றுக் குறைவாக. கூடுதலாக இழந்தவரைக் குறைவாக இழந்தவர் எள்ளுவதிலே அறிவுமில்லை, அறமுமில்லை.

எனவே கேட்கப்பட வேண்டியவை தெளிவானவை. உழைத்து வாழ்ந்து, பிந்திக் கற்க வருவோருக்கென ஒவ்வொரு கலைப்பீடத்திலும் சிறுதொகை இடங்கள், இருக்கும் இடங்களைக் குறையாமல், மேலதிகமாக ஒதுக்கப்பட வேண்டும். அவ்வனுமதியிலே தொண்டர் ஆசிரியராயும் பிறவாறும் ஆற்றிய பணி கணக்கிலெடுக்கப்பட வேண்டும். வரவு விதியிலே குடும்பப் பொறுப்புக்கு இடமளிக்க வேண்டும். பிள்ளைகளை விட்டுவைக்க வளாகத்திலே ஓர் அறை வேண்டும். பட்டதாரி நியமனங்களிலே வயதெல்லை ஒழிய வேண்டும். இவை அரசிடமும் நிருவாகத்திடமும் கேட்பன. மாணவரிடம் கேட்பது ஒன்றே. அதற்குச் சுற்றுநிருபமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

அடுத்த ஆண்டும் புதுமுக மாணவர் வருவர். அவர்களிடையே நரைகண்ட தலையொன்று தென்படலாம். அவரைப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதா, ஊரிலே அழைப்பதுபோல் "அக்கா, இப்பிடி வந்து இருங்க" என்று பக்கத்துக் கதிரையைக் காட்டுவதா என்பதை, முன்வரிசையில் இருப்பவர் இன்றே தீர்மானித்துக்கொள்ளட்டும்.