பதினொன்றில் ஒன்று

ரொறொன்ரோ றப்ரேர்ஸ் 2019-ல் கிண்ணம் வென்ற கதை வந்தால் எல்லாரும் கவாய் லெனார்டைத்தான் சொல்லுவினம். சொல்லட்டும். எனக்கு ஞாபகம் வாறது பிரெட் வான்விலீற்.

அந்த மே மாதம் மில்வாக்கியோட நடந்த மூன்றாவது ஆட்டத்தில பதினொரு தரம் எறிந்தான். விழுந்தது ஒன்று. அடுத்த நாள் எங்கட உணவகக் குசினி முழுக்க ஒரே திட்டு. "உவனை வெளியில இருத்தவேணும்" என்று முதலில சொன்னது நான்தான்.

பயிற்சியாளர் நிக் நேர்ஸ் இருத்தவில்லை. ஏனெண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. கார்ட் எண்டவன் புள்ளி எடுக்க மட்டும் இல்லை. பந்தைப் பறிகொடாமல் கொண்டுபோகவேணும், கைல் லௌரி மூச்சு வாங்க நேரம் குடுக்கவேணும், எதிரணியின்ர கெட்டிக்காரனை நிழல்மாதிரித் துரத்தவேணும். எறி விழாத நாளிலும் இந்த வேலையெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது.

மே 20 அவனுக்கு மகன் பிறந்தான். ஐந்தாவது ஆட்டத்தில மூன்று புள்ளி எறிகள் ஒன்பதில ஏழு விழுந்தது. பிள்ளை பிறந்த ராசி எண்டு சனம் சொன்னது. ராசியோ என்னவோ, அவன் களத்தில நின்றபடியால்தானே விழுந்தது? இறுதித் தொடரில ஸ்ரெபன் கறியைத் துரத்துகிற வேலையும் அவனுக்குத்தான். கிண்ணம் வென்ற ஆறாவது ஆட்டத்தில 22 புள்ளி, அதில 12 கடைசிக் கால்பகுதியில. சிறந்த வீரருக்கான 11 வாக்கில ஒன்று அவனுக்கு விழுந்தது. 2016 தெரிவில 60 பேரை எடுத்தபோது ஒரு அணியும் எடுக்காத ஆள்!

இதை நான் எழுதிறதுக்கு வேறு காரணம் இருக்கு. அதே மாதம் எங்கட குசினிக்குப் புதுசாய் ஒரு பொடியன் வந்தவன். கோப்பை உடைப்பான், ஓடர் பிந்தும். "வச்சிருக்கவா?" என்று முதலாளி என்னைக் கேட்டார். "கஷ்டம் அண்ணை" என்றேன். வேலை நாளைப் பாதியாக்கினார்கள். இரண்டு கிழமையில அவன் வராமலே விட்டுட்டான்.

அவன் போன பிறகுதான் வெள்ளி இரவு சட்டி கழுவ, மரக்கறி வெட்ட, குப்பை கொண்டுபோய்ப் போட ஆளில்லாமல் திண்டாடினோம். இவ்வளவையும் வாய் திறக்காமல் செய்தவன். நான் எண்ணினது உடைந்த கோப்பையை மட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோட விட்டுட்டு வந்து, கத்தி பிடிக்கத் தெரியாமல் நின்ற என்னை ஒரு அண்ணை ஆறு மாதம் பொறுத்தவர். அது எனக்கு அப்ப ஞாபகம் வரேல்லை.

தடுமாறுகிற கார்ட்டை வெளியில இருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எறி விழாதபோது அவன் வேற என்ன செய்கிறான் என்று முதலில பாருங்கோ. ஒன்றும் செய்யாவிட்டால் இருத்துங்கோ.

குசினியில இப்பவும் சீசனுக்கு ஒரு கார்ட் திட்டு வாங்கிறான். "நீங்கள் என்ன சொல்லுறியள் அண்ணை?" என்று பொடியள் கேட்பாங்கள். முழு ஆட்டமும் பார்த்தனீங்களோ என்று மட்டும் கேட்பன்.