மூக்கை அளந்தவர்கள்

எங்க பேசின் பிரிட்ஜுக்குத் துறைமுகம் பக்கந்தான். கப்பலேறினா மூணு நாளில் அந்தமான். போர்ட் பிளேரில் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிட்டாங்க, ஓங்கே மக்களைக் கேட்டா?) மத்திய அரசின் மானிடவியல் அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் வில், அம்பு, கூடை. பாதுகாக்கிறார்களாம். ஜாரவா காட்டைக் கிழித்தோடும் சாலையை மூடச்சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது, மூடவில்லை. தின்பண்டத்துக்காகப் பெண்களை ஆடச்சொன்ன வீடியோ 2012இல் வெளிவந்தது. 2010 ஜனவரி 26, தேசம் கொடியேற்றிய அதே நாளில், 'போ' மொழி பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் செத்துப்போனார். வில்லுக்குப் பூட்டு, காட்டுக்குள்ள பஸ்ஸா?

தோழர்களே, இது யாரோ தீவுக்காரன் கதை இல்லை. எழும்பூர் மியூசியத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன், அளவுக் கருவியோடு அலைந்து நம்ம பாட்டன்மார் மூக்கையும் அளந்தான். 1909இல் ஏழு தொகுதியாப் புத்தகம் போட்டான். நம்ம பேராசிரியர்கள் இன்னமும் அதைத்தான் மேற்கோள் காட்டுறாங்க.