கேள்வி கேட்காத வாசகர்

ஒரு கிரிப்டோ டோக்கனைக் கொடுத்து இன்னொரு டோக்கனை வாங்கித் தரும் கருவி. அதை இயக்கப் போவது மனிதர் இல்லை, ஏஐ ஏஜெண்ட். இந்தக் கருவிக்கு டாக்குமெண்டேஷன் எழுதுவது எப்படி? இலக்கிய இதழில் இதுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இது முழுக்க முழுக்க வாசகரைப் பற்றிய பிரச்சினை. இங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது?

இதுவரை டாக்குமெண்டேஷனைப் படித்தவர் புரோகிராமர். அவர் பாதியைத்தான் படிப்பார், மீதியைச் சந்தேகப்படுவார். உதாரணத்தில் இருக்கிற எண்ணை அப்படியே போடுவதற்கு முன் ஒருமுறையாவது தலையைச் சொறிவார். ஏஜெண்டிடம் அந்தச் சொறிதலை நம்ப முடியாது. 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற ஏற்பாடுகளில், கருவியைப் பற்றி நாம் எழுதும் விளக்கம் நேராக மாடலின் முன்னால் போய் விழுகிறது. எந்தக் கருவியை எடுப்பது, எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதை அது பெரும்பாலும் அந்த வரிகளை வைத்தே முடிவு செய்கிறது. நாம் விளக்கம் என்று நினைத்து எழுதுவது அங்கே உத்தரவாகிவிடுகிறது.

ஆனால் எழுதுகிறவர்கள் இன்னும் பழைய வாசகரை நினைத்தே எழுதுகிறார்கள். 'கோட்தான் உண்மை, டாக்குமெண்டேஷன் சும்மா' என்று தோளைக் குலுக்கும் கூட்டத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். இஆர்சி-20 டோக்கனை மாற்றுவதற்கு முன், 'என் பையிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்' என்று அந்த ஒப்பந்த நிரலுக்கு வழக்கமாக நாம் அனுமதி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டுவது தொல்லை என்று, உதாரண நிரல்களில் சர்வசாதாரணமாக ஒரு பிரம்மாண்ட எண்ணைப் போட்டு வைப்பார்கள். 2-இன் 256ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அர்த்தம்: எவ்வளவு வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும். அனுமதி தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவோ காட்டியது. இணையதளத்தில் நுழைக்கப்பட்ட சிறு நிரல் ஆட்களிடம் அனுமதியில் கையெழுத்து வாங்கியது. சுமார் 12 கோடி டாலர் போச்சு. அங்கே ஏமாந்தது கண் உள்ள மனிதர்கள்.

அடுத்தது சிலிப்பேஜ். கேட்ட விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் நடுவே எவ்வளவு நஷ்டம் பொறுப்பாய் என்பதற்கான எண். 2025 மார்ச்சில் ஒருவர் யூனிஸ்வாப்பில் சுமார் 220,000 டாலர் பெறுமான யூஎஸ்டிசியை யூஎஸ்டிடியாக மாற்றினார். இரண்டுமே ஒரு டாலர் மதிப்புள்ளவை. வழியில் காத்திருந்த ஒரு பாட் முன்னும் பின்னும் புகுந்து நசுக்கியதில், கைக்கு வந்தது 5,300 டாலருக்கும் குறைவு. வேண்டுமென்றே செய்ததோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு, அது வேறு கதை. எத்தனையோ டாக்குமெண்டேஷன்களில் சிலிப்பேஜுக்குக் கிடைக்கும் விளக்கம் ஒரே சொல்: 'விருப்பத்தேர்வு'.

யூஎஸ்டிசிக்கு 6 தசம இடம், ஈதருக்கு 18 என்பதையெல்லாம் விரித்துச் சொல்லவில்லை. '100' என்று மட்டும் எழுதினால் எந்த நூறு என்பது பன்னிரண்டு பூஜ்ஜியத் தூரப் பிரச்சினை என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: 'நீங்களே ஆராய்ந்து முடிவு செய்யுங்கள்.' யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? படிப்பது ஏஜெண்ட். பணத்துக்குச் சொந்தக்காரர் அந்தப் பக்கத்துக்கு வந்ததே இல்லை. இல்லாத வாசகருக்கு எச்சரிக்கை எழுதிவிட்டுப் பொறுப்பு தீர்ந்தது என்று கை கழுவுவது மோசடிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ஏஜெண்ட் என்ற சொல் ஜார்ஜ் டவுனுக்குப் புதுசா என்ன? பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கடைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஏஜெண்டுகள்தான். முதலாளி செட்டிநாட்டில். இங்கே இருப்பவரிடம் பவர் ஆஃப் அட்டர்னி, வழக்கமாக மூன்று வருடக் கணக்கு, அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். கணக்கு ஒழுங்காக ஊருக்குப் போக வேண்டும். செட்டியார்களை நான் புனிதர்களாக்கவில்லை. பர்மாவில் நிலத்தைப் பறிகொடுத்த விவசாயிகளின் பேரன்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். ஆனால் கடல் தாண்டி இன்னொருவர் கையில் பணத்தைக் கொடுக்கிறவர் முதலில் எழுத வேண்டியது அதிகாரத்தின் அளவு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஆட்கள் முதல் பக்கத்தில் எழுதுவது 'மின்னல் வேகம்', 'ஒரே அழைப்பில்'.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நான் பார்த்த வேலைக் குறிப்புத் தாளில் திருத்த எண், தேதி, கையெழுத்து மூன்றும் இருந்தன. ஒரு திருகை எவ்வளவு இறுக்குவது என்பதற்கே அது. அடுத்தவர் சேமிப்பை மாற்றும் கருவிக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?

'ஏஜெண்டுக்கு நீளமாக எழுதினால் செலவு, சுருக்கமாக எழுது' என்பார்கள். சரி, பெருமையைச் சுருக்குங்கள், வரம்பைச் சுருக்காதீர்கள். 'வரம்பு டாக்குமெண்டேஷனில் எதுக்கு, கோடிலேயே போடலாமே' என்பது அதைவிட நல்ல வாதம். நானும் ஒத்துக்கொள்கிறேன். உச்சவரம்பு கோடில்தான் இருக்கணும். ஆனால் எங்கே நின்று திரும்பக் கேட்க வேண்டும் என்பதை கோடில் மட்டும் எழுதிவிட முடியாது. எங்கள் அத்தை மாதிரி ஒருவர் ஏஜெண்டிடம் தமிழில் சொல்கிறார்: 'அதுல கொஞ்சத்த மாத்திடுப்பா.' கொஞ்சம் என்றால் எவ்வளவு? நமக்கு அவர் குரலிலேயே தெரியும், அல்லது 'எவ்ளோ அத்தே?' என்று கேட்போம். ஏஜெண்டுக்குத் தெரியாது. 'தொகை எண்ணாகச் சொல்லப்படவில்லை என்றால் மாற்றாதே, கேள். கிடைக்கப்போகும் தொகையையும் பிடித்தத்தையும் அவர் மொழியிலேயே சொல்லி, சரி என்ற பிறகு செய்' என்று யாரோ எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ டாக்குமெண்டேஷன் எழுதுகிறவர். அவர் பெயரும் தேதியும் அந்தப் பக்கத்தின் தலையில் இருக்க வேண்டும்.